மாதவரம் புதரில் நீள வால் பறவை: செயலி சொல்றது சரியா?

பால்பண்ணைவாசி:
மாதவரம் ஏரிக்கரை சீமைக்கருவேலப் புதர்ல காலைல எடுத்த படம். பின்னாடி வெளிச்சம், முகம் இருட்டு. உடம்பு சாம்பல், வால் உடம்பைவிட நீளம், வாலுக்கு அடியில வெள்ளைத் திட்டுகள் வரிசையா இருக்கு. கண் சிவப்பு. பறவையோட பேரைச் சொல்ற செயலி ‘பச்சை அலகுப் பூங்குயில்’னு (குயில் குடும்பப் பறவை) காட்டுது. சரிதானா?

புழல்_பைனாகுலர்:
இல்லை. அது இமயமலை அடிவாரம், வடகிழக்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல இருக்கிற பறவை, தமிழ்நாட்டுல கிடையாது. செயலியில இடம், தேதி கொடுக்காம படத்தை மட்டும் போட்டிருப்பீங்க.

உங்களுது நீலமுகப் பூங்குயிலா இருக்கணும். கண்ணைச் சுத்தியிருக்கிற வெறும் தோலைப் பாருங்க. பச்சை அலகுப் பூங்குயிலுக்கு அது சிவப்பு, நீலமுகத்துக்கு நீலம். நிழல்ல அந்த நீலம் கறுப்பாத் தெரியும், அதான் சிக்கல். ரா கோப்பு (கேமரா பதிஞ்ச மூலப் படம்) இருந்தா நிழல் பகுதியோட வெளிச்சத்தை மட்டும் ஏத்திப் பாருங்க. ஜேபெக்ல (வழக்கமான சுருக்கின படம்) ரொம்ப ஏத்தினா நிறம் கெட்டுடும், நம்பாதீங்க.

சிவப்புக் கண்ணை வெச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது. செம்போத்துக்கும் சிவப்பு, பெண் குயிலுக்கும் சிவப்பு.

எண்ணூர் அலையாத்தி:
வாலே பாதி வேலையை முடிச்சிடும். செம்போத்து வால் முழுக்கக் கறுப்பு, இறக்கை செம்பழுப்பு. பெண் குயில் வால்ல குறுக்குப் பட்டை, உடம்பெல்லாம் புள்ளி. பூங்குயில் வால் இறகுகள் படிப்படியா நீளும், ஒவ்வொண்ணுக்கும் நுனி வெள்ளை. அடியிலிருந்து பார்த்தா அதுதான் திட்டு வரிசை.

ஆனா சர்க்கீர் பூங்குயிலுக்கும் வால் நுனி வெள்ளைதான். அது மண் பழுப்பு, அலகு சிவப்பு, நுனி மஞ்சள். பெரும்பாலும் தரையில கீரி மாதிரி ஓடும். நீலமுகம் அடர்ந்த புதருக்குள்ளயே ஊர்ந்து ஊர்ந்து போகும், லேசுல வெளிய வராது. நீளம் சுமார் 39 செ.மீ., அதுல பெரும்பங்கு வால்.

பால்பண்ணைவாசி:
ரா-வுல ஏத்தினேன், அலகு இளம்பச்சை, கண்ணைச் சுத்தி நீலம். நன்றிங்க. பக்கத்து மரத்துல காக்கா கூடு இருக்கு. அதுல முட்டை போடுமா?

புழல்_பைனாகுலர்:
போடாது, அது குயில் வேலை. குயில் குடும்பம்னாலே அடுத்தவன் கூடுன்னு நினைக்கிறோம். செம்போத்தும் இதுவும் சொந்தமாத்தான் கட்டும். முள் புதர்ல சுள்ளி அடுக்கி, பச்சை இலை போட்டு, பொதுவா 2 முட்டை. வாயில சுள்ளியோட பார்த்தா பின்தொடராதீங்க, கூட்டை விட்டுப் போயிடலாம். ஒலிப்பதிவு போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். இபேர்ட்ல (பறவைப் பதிவுத் தளம்) பதியும்போது வால், அலகு ரெண்டும் தெரியற படத்தையே போடுங்க.