பொருள்: சப்கிளினிக்கல் ஹைப்போதைரொயிடிசம் – 'தூண்டல்மிகை' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். சப்கிளினிக்கல் ஹைப்போதைரொயிடிசத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுகிற நம் இழையில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> 'நோய்க்குறியற்ற தைரொயிட்டுக் குறைசுரப்பு' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோமே. ஏன் இழுக்கிறீர்கள்?

இழுக்கக் காரணம் இருக்கிறது. இது ஆளைப் பார்த்து வைத்த பெயரல்ல, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்த பெயர். ரீ.எஸ்.எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) கூடியிருக்கிறது, பிறீ ரீ4 (தைரொயிட்டே சுரக்கும் ஓமோன்) வழமையான வீச்சுக்குள் நிற்கிறது, வரைவிலக்கணம் அவ்வளவுதான். இந்த நிலையில் பலருக்கு ஒன்றும் தெரியாது, உண்மைதான். ஆனால் சிலருக்குக் களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் இருக்கும். அவர்கள் கையில் 'நோய்க்குறியற்ற' என்று எழுதிய தாளைக் கொடுத்தால், "அப்ப என்ர களைப்பு பொய்யோ?" என்று கேட்க மாட்டார்களா?

> ஆரம்பநிலைக் குறைசுரப்பு?

வேண்டாம். ஆரம்பம் என்றால் முற்றப்போகிறது என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். கடும் வருத்தத்திலிருந்து தேறிவரும்போதும் ரீ.எஸ்.எச் கொஞ்சக் காலம் ஏறி நிற்பதுண்டு. 'மறை குறைசுரப்பு' இதைவிட மோசம். உள்ளே ஏதோ பதுங்கியிருக்கிறது என்று பயந்தே ஆள் மெலிந்துவிடும்.

> மானிப்பாயில் கிறீன் வைத்தியர் ஆக்கிய சொற்களில் தேடிப் பார்த்தீர்களா?

மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் காலமானது 1884 இல். தைரொட்சினை, அதாவது ரீ4 ஐ, பிரித்தெடுத்ததே 1914 இல்தான். பாவம், அவரை ஏன் இதற்குள் இழுப்பான்!

முல்லைத்தீவு டொக்டர் தம்பி சொன்ன 'ஈடுகட்டு நிலை' (கூடிய ரீ.எஸ்.எச் தைரொயிட்டின் தளர்வை ஈடுகட்டுகிறது என்ற பொருளில்) எனக்கு நன்றாகவே பிடித்தது. ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு அது உதவாது. ரீ.எஸ்.எச் குறைந்து, ரீ4 உம் தைரொயிட்டின் மற்ற ஓமோனான ரீ3 உம் சரியாக இருக்கிற நிலையும் உண்டே? அங்கே எதை எது ஈடுகட்டுகிறது?

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பரந்தனில் மருந்துக்கடை வாசலில் ஒரு அக்கா கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போட்டை எடுத்துக் காட்டினார். ரீ.எஸ்.எச் 6.2, பக்கத்தில் தடித்த எழுத்தில் எச் ('ஹை', கூட என்பதன் சுருக்கம்). அந்த எச்சைச் சுற்றி அவரே சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். "தம்பி, இதில கூட எண்டு கிடக்கு. டொக்டர் குறைவு எண்டவர். ஆர் சொல்லுறது சரி?"

இரண்டும் சரி. ரீ.எஸ்.எச் தைரொயிட்டில் சுரப்பதல்ல; மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பி அனுப்புவது. இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் தண்ணீர் வரத்துக் குறைகிறது என்று கண்டால் மேலே பார்த்துக் கூப்பிடுவாரே, அந்தக் கூப்பிடுகுரல்தான் ரீ.எஸ்.எச். தண்ணீர் ரீ4. அக்காவின் ரிப்போட்டில் குரல் உயர்ந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் இன்னும் போதிய அளவு வருகிறது. குரலும் உயர்ந்து தண்ணீரும் குறைந்தால்தான் முழுமையான குறைசுரப்பு.

பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இது 'தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்' என்றுதான் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: தைரொயிட்டுத் தூண்டல்மிகை. எதிர்ப்பக்கத்துக்குத் தூண்டல்குறை. தாளில் எச் என்று இருந்தால் பெயரிலும் மிகை. எண்ணும் பெயரும் ஒரே பக்கம் பார்க்கும்.

> ரீ.எஸ்.எச் கூடிய எல்லோருக்கும் இந்தப் பெயர் ஒட்டிவிடாதா?

ரீ4 வீச்சுக்குள் இருந்தால் மட்டும் தூண்டல்மிகை, ரீ4 உம் விழுந்திருந்தால் குறைசுரப்பு என்று வரைவிலக்கணத்தில் கட்டிவிட்டால் ஒட்டாது. கபச்சுரப்பியே பழுதானால் ரீ4 குறைந்தும் ரீ.எஸ்.எச் ஏறாமல் இருக்கும். அது தூண்டல்மிகை, தூண்டல்குறை என்ற இரண்டு பெயருக்குள்ளும் அடங்காது. தனி ரீ.எஸ்.எச்சை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டறிக்கையில் போட்டுப் பார்த்தேன்:

"உங்களுக்கு இருப்பது தைரொயிட்டுத் தூண்டல்மிகை. ரீ.எஸ்.எச் வீச்சு பொதுவாக 0.4 முதல் 4 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும், வயது போகப் போக மேல் எல்லையும் கொஞ்சம் உயரும். 10 ஐத் தாண்டினால் பெரும்பாலும் குளிசை தொடங்குவார்கள். அதற்குக் கீழே என்றால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பது வழக்கம். முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில் பாருங்கள். பிள்ளைத்தாய்ச்சி என்றாலோ பிள்ளைக்கு எதிர்பார்த்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும் முன்னரே சொல்லுங்கள்."

கடைசி வசனம் ஏன் என்று கேட்பீர்கள். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் ரீ.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்தும் ரீ4 ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். இல்லாத நோய்க்கு நாம் தமிழில் அழகாகப் பெயர் வைத்துக்கொண்டு இருப்போம்.

மறுப்பு இருப்பவர்கள் இரண்டு சொற்களையும் ஒரு வசனத்தில் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். சும்மா 'காதுக்கு ஒத்துவரவில்லை' என்றால் கணக்கில் எடுக்க மாட்டேன்.

பிறீ ரீ4 ஐ நானே இந்த மடல் முழுக்க அப்படியே விட்டிருக்கிறேன் என்று யாராவது பிடிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டறிக்கையில் 'இலவச ரீ4' என்று போட்டிருந்தார்கள். புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் திரிகிற பங்கு அது. நான் 'பிணையா ரீ4' பக்கம். அதற்குத் தனி இழை திறக்கிறேன்.