அப்பாவுக்கு வாங்கிய 41,500 ரூபாய் ஷூ கடிக்கிறது, தளர்த்த வழி இருக்கிறதா?

குடியாத்தம்காரி எழுதியது:

வணக்கம். கேள்வி ஒரு ஜோடி ஷூவைப் பற்றித்தான். ஆனால் எனக்கு அது பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 29 வருஷம் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். வெளிநாட்டுக்குப் போகிற ஷூக்களுக்கு அப்பர், அதாவது சோலுக்கு மேலே வருகிற தோல் பாகம், வெட்டிய கை அது. வலது ஆட்காட்டி விரலில் கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் போகவில்லை. அவர் காலில் மட்டும் எப்போதும் ரப்பர் செருப்பு. கல்யாணம் காட்சி என்றால் ஒரு பழைய சாண்டல்.

எனக்குப் பெங்களூரில் வேலை. இந்த வருஷம் போனஸ் வந்ததும், தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு அப்பா போட்டுக்கொள்ள ஒரு இத்தாலிய டிசைனர் ஷூ வாங்கினேன். காப்பிக்கொட்டை நிறம், கன்றுத்தோல், உள்ளேயும் தோல் லைனிங், லேஸ் கட்டுவது. அவருடைய சாண்டலில் 8 என்று இருந்தது. அதை வைத்து ஐரோப்பிய சைஸில் 42 எடுத்தேன். அவரைக் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று தனியாகப் போனேன், அது என் தப்பு.

பெட்டியைத் திறந்ததும் அவர் ஷூவைப் போட்டுப் பார்க்கவே இல்லை. முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் வேம்ப் பகுதியை, அதாவது விரல்களுக்குப் பின்னால் மடங்குகிற முன்பக்கத் தோலை, கட்டைவிரலால் உள்பக்கம் மடக்கி, வெளிச்சத்தில் பிடித்து, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தார். "லூஸ் கிரெய்ன் இல்லம்மா, முடிமுடியாத்தான் விழுது. முதுகுத் தோலு" என்றார். தோலின் மேல்பரப்பு தளர்ந்து பெரிய மடிப்பாக விழுந்தால் அதுதான் லூஸ் கிரெய்ன், இதில் முடி மாதிரி மெல்லிய சுருக்கம்தான். தையலை நகத்தால் வருடி எண்ணினார். பத்து நிமிஷம் அப்படியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இன்னொரு 41,500 கொடுக்கலாம்.

ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் மேடையில் நின்றார். கேட்டபோதெல்லாம் "சரியாத்தான் இருக்கு" என்றார். இரவு காரில் ஷூவைக் கழற்றினால் இரண்டு சுண்டுவிரலிலும் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. பாதத்தின் அகலமான இடத்தில் சிவப்பாக ஒரு பட்டை.

அடியில் கீறல் விழுந்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். நேற்று சாயங்காலம் அவர் பாதத்தைப் பேப்பரில் வரைந்து அளந்தேன்: நீளம் 26.4 செ.மீ., அகலம் 10.7 செ.மீ. வரைந்த கோட்டின் மேல் ஷூவை வைத்தால் சுண்டுவிரல் பக்கம் அரை விரல் அளவு கோடு வெளியே தெரிகிறது. இதைத் தளர்த்த முடியுமா? யூட்யூபில் ஃப்ரீசரில் வை, ஹேர் டிரையர் காட்டு என்கிறார்கள். செய்யப் பயமாக இருக்கிறது.

சத்துவாச்சாரி எழுதியது:

ஈரமான பேப்பரை உள்ளே நன்றாகத் திணித்து இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். என் காலேஜ் ஷூவுக்கு அப்படித்தான் செய்தேன். இல்லையென்றால் பாதி விலைக்கு விற்றுவிட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

லாஸ்டிங் ஆம்பூர் எழுதியது:

தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள். வேலூர் வெயிலில் நனைந்த தோல் காய்ந்தால் விறைத்துச் சுருங்கும், அப்புறம் மடிப்பில் வெடிக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம். சோல் ஒட்டிய பசை சூட்டில்தான் இளகும். ஃப்ரீசரில் தண்ணீர்ப் பை வைப்பது எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளும் என்று நம் கையில் இல்லை. பை ஓட்டையானால் லைனிங் போச்சு.

நான் லாஸ்டிங் லைனில் 18 வருஷம் இருந்தவன். லாஸ்ட் என்பது ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் மாதிரியான கட்டை, அதன்மேல் அப்பரை இழுத்துப் பொருத்துவதுதான் லாஸ்டிங். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினாலும் உங்கள் பிரச்சினை தீராது. கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய சைஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் லாஸ்ட் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். 42 என்றால் லாஸ்ட் 28 செ.மீ. அப்பா பாதம் 26.4. விரலுக்கு முன்னால் விட வேண்டிய இடம் போக நீளம் சரியாகவே இருக்கிறது. 43 போட்டால் அகலம் கொஞ்சம்தான் கூடும், குதிகால் கழன்று கழன்று வரும். நீங்கள் எடுத்த மாடல் முன்பக்கம் ஒடுங்கின லாஸ்டில் செய்தது. ஆயுசு முழுக்கச் செருப்பு போட்ட கால் முன்னால் விரிந்திருக்கும். ரெண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நல்ல செய்தி, உங்களுக்கு வேண்டியது அகலம். தோலுக்கு ஒரு பக்கம் இழுவை அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. இழுவை குறைந்த பக்கம் டோவிலிருந்து ஹீலுக்குப் போகிற மாதிரி வைத்துத்தான் அப்பர் வெட்டுவோம், ஷூ நீண்டு போகக் கூடாது என்று. அதனால் குறுக்கே கொஞ்சம் கொடுக்கும். இதை உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவரே ஆயிரக்கணக்கில் அப்படி வெட்டியிருப்பார்.

முதலில் ஒன்று பாருங்கள். சுண்டுவிரல் அழுத்துகிற இடத்தை வெளியிலிருந்து விரலால் அமுக்குங்கள். மெத்தென்று அமுங்கினால் அங்கே வெறும் தோலும் லைனிங்கும்தான், இழுக்கலாம். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால் அது டோ பஃப், ஷூவின் முனை வடிவம் கலையாமல் இருக்க உள்ளே வைக்கிற விறைப்பான துண்டு. அதை யாராலும் தளர்த்த முடியாது.

மெத்தென்று இருந்தால் மரத்தில் திருகு வைத்த ஸ்ட்ரெச்சர் வாங்குங்கள், இரண்டு பக்கமும் விரிகிற வகை, அழுத்துகிற இடத்தை மட்டும் தள்ளுகிற குமிழ் மாட்டப் பக்கத்தில் துளை இருக்க வேண்டும். ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து உள்பக்கம் மட்டும் லேசாகத் தெளித்து, ஸ்ட்ரெச்சரைப் போட்டு, தோல் இறுகும் வரை திருகி, அதற்குமேல் அரைச் சுற்று. ராத்திரி முழுக்க நிழலில் இருக்கட்டும். மறுநாள் இன்னொரு அரைச் சுற்று. அவசரப்பட்டால் அப்பரும் சோலும் சேருகிற வெல்ட் ஓரம் தையல் பிய்யும். லைனிங்கில் சாயம் போகிறதா என்று முதலில் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள் (ஷூ நாக்கைச் சொல்கிறேன்). மெல்லிய சாக்ஸ் போடச் சொல்லுங்கள். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற மேலட்டை தனியாகக் கழன்று வந்தால் எடுத்துவிட்டாலும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

கரிகிரி ஓய்வு எழுதியது:

அம்மா, உங்கள் பதிவில் எல்லாரும் ஷூவையே பார்க்கிறார்கள். எனக்கு அப்பாவின் கால்தான் கண்ணில் படுகிறது. மூன்று மணி நேரம் தோல் உரிந்தும் "சரியாத்தான் இருக்கு" என்றாரே, அது உங்கள் மனசு நோகக் கூடாது என்று சொன்னதா, இல்லை வலி நிஜமாகவே தெரியவில்லையா? அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா?

நான் கரிகிரியில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்து எம்.சி.ஆர். செருப்பு செய்வோம். உணர்ச்சி போன காலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இறுக்கமான செருப்பையே தேர்ந்தெடுப்பார்கள். இறுக்கினால்தான் காலில் ஏதோ இருப்பது அவர்களுக்குத் தெரியும். புண் வந்து சீழ் பிடித்த பிறகு ரத்தக் கறையைப் பார்த்துத்தான் வருவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் நரம்பு மரத்துப்போனால் இதே கதை.

பக்கத்தில் சர்க்கரை நோய்க்குப் பார்க்கிற டாக்டரிடம் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அது முடியும் வரை இந்த ஷூவைப் போட்டுப் பழக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். உரிந்த இடம் முழுசாக ஆறட்டும்.

குடியாத்தம்காரி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது. அப்பாவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை போடுகிறார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஷூ விஷயத்தோடு அதைச் சேர்த்து யோசிக்கவே இல்லை.

வேலூருக்குக் கூட்டிப்போனேன். வலது காலில் இழை தொட்ட எல்லா இடத்தையும் அப்பா சரியாகச் சொன்னார். இடது காலில் பெருவிரல் அடியில் மட்டும் இரண்டு தடவை தொட்டும் தெரியவில்லை. தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து வரவேண்டும் என்றார்கள். ரிசப்ஷனில் வலித்ததா என்று கேட்டேன். "வலது கால் வலிச்சது. இடது அவ்வளவா இல்ல" என்றார். இரண்டு காலும் ஒரே மாதிரிதான் உரிந்திருந்தது.

புண் ஆறப் பதினாறு நாள் ஆனது. அதற்குள் நான் ஸ்ட்ரெச்சர் ஆர்டர் போட்டேன். வந்து பார்த்தால் அப்பா அதைத் தொடவே இல்லை. ஷூவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேரணாம்பட்டில் அவரோடு வேலை பார்த்த பாய் வீட்டுக்குப் போய்விட்டார். பாயிடம் பழைய மர லாஸ்ட் ஒரு ஜோடி இருந்ததாம். சுண்டுவிரல் வருகிற இடத்தில் துண்டுத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஓரத்தைச் சீவி, என் பேப்பர் வரைபடத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து மேடாக்கியிருக்கிறார்கள். அதை ஷூவுக்குள் ஏற்றி நான்கு ராத்திரி விட்டார்கள். அந்த நான்கு நாளும் அப்பா காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வந்தார், பழைய ஷிப்டு மாதிரியே.

இடது ஷூ மெல்லிய சாக்ஸோடு நன்றாக இருக்கிறது, அரை மணி நேரம் போட்டுக் கழற்றினால் சிவப்பே இல்லை. வலதில் மட்டும் டோ பஃப் முடிகிற விளிம்பு சுண்டுவிரல் நகத்துக்கு மேலே இன்னும் உரசுகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா?

லாஸ்டிங் ஆம்பூர் எழுதியது:

லாஸ்டில் தோல் ஒட்டி மேடாக்குவதுதான் சரியான முறை. ஸ்ட்ரெச்சர் அதற்கு அடுத்துதான். பாய்க்கு என் சலாம் சொல்லுங்கள்.

வலதை இனி இழுக்காதீர்கள். பஃப் விளிம்பில் தள்ளினால் அப்பர்தான் கிழியும். லைனிங்கை அந்த இடத்தில் மட்டும் பிரித்து, பஃப் விளிம்பைக் கத்தியால் மெலிதாகச் சீவி, திரும்ப ஒட்டலாம். ஒரு நகம் அளவு வேலைதான், ஆனால் கை நிற்க வேண்டும். ஆள் தேடி வெளியே போகாதீர்கள். உங்கள் வீட்டிலேயே 29 வருஷம் கத்தி பிடித்தவர் இருக்கிறார்.