குழு: கும்பகோணம் வீடு

அத்தை, காலை 7:10
(படம்) திண்ணைச் சுவரைப் பாருங்கள். பாய் அகலத்துக்குச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. கூட்டினால் முறம் நிறைய மண்.

கார்த்தி
செங்கல் தெரிகிறதே! யார் மேலும் விழவில்லையே, அத்தை?

அத்தை
பூனைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. கொத்தனார் வந்து பார்த்தார். மொத்தச் சுவரையும் கொத்திவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பொங்கலுக்குள் பெயிண்டும் அடித்துத் தருகிறாராம். சரி என்று சொல்லிவிடட்டுமா?

சித்தப்பா
அக்கா, வேண்டாம். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மலர்
சித்தப்பா வந்துவிட்டார். இன்று முழுக்கச் சுவர்தான்.

சித்தப்பா
சிரி, சிரி. படத்தைப் பெரிதாக்கிப் பார். விழுந்த இடத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பட்டை தெரிகிறதா? இடுப்பளவுக்கு யாரோ ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

கார்த்தி
சிமெண்ட் நன்றாகத்தானே நிற்கிறது? சுண்ணாம்பு இருந்த இடம்தான் விழுந்திருக்கிறது.

சித்தப்பா
எல்லோரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்துச் சுவர், அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காரை வழியாக அது காற்றில் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததால் ஈரம் மேலே ஏறி, பட்டை முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகிக் காரையைத் தள்ளிவிட்டது. முழுச் சுவருக்கும் சிமெண்ட் பூசினால் உள்ளே செங்கல்லே பொரிந்து உதிரும்.

அத்தை
வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுவா? ஈரத்துணியால் துடைத்தேன்.

சித்தப்பா
அதேதான். ஈரம் பட்டால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள்.

மலர்
மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம்தானே இறங்குகிறது?

அத்தை
அது ஆடியிலேயே உடைந்துவிட்டது. தண்ணீர் சுவரோரமாகத்தான் கொட்டுகிறது.

சித்தப்பா
இதை இப்போதுதான் சொல்கிறீர்களா! முதலில் குழாய். அப்புறம் சுவர் காயட்டும். அதற்கு முன் எதைப் பூசினாலும் அடுத்த ஐப்பசியில் முறத்துக்குத்தான் போகும்.

கார்த்தி
சரி, எப்படிப் பூசுவது?

சித்தப்பா
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ. உள்ளே வெற்றிடம் மாதிரி கேட்கிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடு. அதை மட்டும் எடுத்தால் போதும். கெட்டியாக ஒட்டியிருக்கும் காரை நூறு வருடம் நின்றது, இன்னும் நிற்கும். சிமெண்ட் பட்டையைச் சின்ன உளியால், செங்கல் உடையாமல் பெயர்க்க வேண்டும். செங்கல் இடுக்குகளில் உதிர்ந்திருப்பதைச் சுரண்டி, தூசி தட்டி, பூசுவதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், பூச்சு ஒட்டாது.

சித்தப்பா
கலவை: நீற்றி, அதாவது தண்ணீர் விட்டுத் தணித்து, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. ஈரச் சுவர் என்பதால் மணலைக் கொஞ்சம் குறைத்துச் செங்கல் தூள் சேர்க்கலாம். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. முதல் பூச்சு இறுகியதும் கரணை முனையால் கீறிவிட்டு அடுத்த பூச்சு.

அத்தை
கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றுவார்களே, தம்பி?

சித்தப்பா
தாராளமாக.

மலர்
முட்டை வெள்ளைக்கரு? செட்டிநாட்டு வீடுகளில் போட்டார்களாமே.

சித்தப்பா
அது மேல்பூச்சின் பளபளப்புக்கு. திண்ணையில் ஒட்டுப்போட எதற்கு? முட்டையை நீ சாப்பிடு.

கார்த்தி
பொங்கலுக்குள் முடியுமா?

சித்தப்பா
முடியாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். பூசியபின் ஒரு வாரமாவது நனைத்த கோணி தொங்கவிட வேண்டும். கடைசியில் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான்.

அத்தை
பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இந்த ஓட்டையையா காட்டுவது?

மலர்
வாசலில் பெரிய கோலமாகப் போடுங்கள், அத்தை. எல்லோரும் கீழேதான் பார்ப்பார்கள்.

கார்த்தி
சுண்ணாம்பை நானே நீற்றட்டுமா?

சித்தப்பா
சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணே போய்விடும். நீற்றியதாகவே வாங்கு. பூசும்போதும் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும்.

அத்தை
கொத்தனாரிடம் குழாயை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம். கார்த்தி, சனிக்கிழமை வரும்போது பழைய கோணி நாலு கொண்டுவா. இங்கே இருப்பதில் எல்லாம் நெல் இருக்கிறது.