மழைக்குக் குறைவில்லாத தெற்கு சூடானில் ஏன் பசி?

கயல்: நைல் ஓடும் நாடு, நல்ல மழை. அப்படியிருந்தும் விமானத்திலிருந்து உணவு மூட்டை போடுகிறார்கள். காரணம் போரா, வெள்ளமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கிடங்குக்கணக்கர்: 2016 கடைசியிலிருந்து ஐந்து வருடம் தலைநகர் ஜூபாவில் ஒரு மளிகைக் கிடங்கில் கணக்கு எழுதினேன். மக்காச்சோள மாவு உகாண்டாவிலிருந்து எல்லை ஊரான நிமுலே சாலை வழியாக லாரியில் வரும். தெற்கே இருக்கும் யேய் என்ற ஊரின் பக்கத்து மண் நாட்டிலேயே வளமானது. ஆனால் 2016 ஜூலையில் அரசுப் படைக்கும் எதிர்த்தரப்புக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு அங்கிருந்த குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக உகாண்டாவுக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் மூட்டை இறக்கியவர் ஒரு யேய்க்காரர். லோடு வரும்போதெல்லாம் மாவைக் கையில் அள்ளிப் பார்த்து, "எங்கள் ஊர் மாவு இதைவிட வெள்ளை" என்பார்.

2017 பிப்ரவரியில் வடக்கே லேர், மாயெண்டிட் வட்டாரங்களில் பஞ்சம் அறிவித்தார்களே, அதற்கு முதல் காரணம் சண்டைதான். மாடு கொள்ளை போனது, சோளம் விதைக்க ஆளில்லை, நிவாரணமும் உள்ளே போக முடியவில்லை.

கயல்: வெள்ளம் வண்டலைக் கொண்டுவருமே அண்ணா, அடுத்த போகம் நன்றாக விளையாதா?

கிடங்குக்கணக்கர்: வடிந்தால்தானே விதைக்க முடியும், தங்கச்சி! அங்கே பெய்யும் மழை மட்டுமில்லை. 2020 மே மாதம் விக்டோரியா ஏரி அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. அந்தத் தண்ணீர் நைல் வழியாக மெதுவாக இறங்கி, நாட்டின் நடுவே இருக்கும் 'சட்' என்ற பெரிய சதுப்பில் பரவுகிறது. நிலம் தட்டை, ஓடிப்போக வழியில்லை. 2021ல் வடக்கே பென்டியூ நகரைச் சூழ்ந்த தண்ணீர் அடுத்த கோடையிலும் வற்றவில்லை. மண்கரை எழுப்பித்தான் அங்கிருந்த அகதி முகாமைக் காத்தார்கள். சோளம் விளைந்த இடத்தில் அல்லிக்கிழங்கைத் தோண்டி இடித்துச் சாப்பிட்டார்கள்.

தாமிரா: 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டதும் எல்லை ஊரான ரெங்க் வழியாக லட்சக்கணக்கானோர் வந்தார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வரும் சரக்கும் தடைப்பட்டது.

கிடங்குக்கணக்கர்: ஆமாம். கயல், போரையும் வெள்ளத்தையும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஜோங்லே மாநிலத்தில் மேய்ச்சல் நிலம் முழுகியதால் மாட்டுக்காரர்கள் தெற்கே மாக்வி பக்கம் மந்தையை ஓட்டிவந்தார்கள். மாடு பயிரில் இறங்கியது, துப்பாக்கி வந்தது, விவசாயிகள் மறுபடி ஊரைவிட்டு ஓடினார்கள். நான் கிளம்பும்வரை அந்த யேய்க்காரர் ஊர் திரும்பவில்லை.