கடிகாரத்துக்காகவா கடல் தாண்டி வர்றாங்க?

செமிகோலன்:
பக்கத்துத் திரியில் பரணி எழுதியிருப்பது: "அமெரிக்கா உறங்கும்போது பெங்களூரு விழித்திருக்கிறது. கலிஃபோர்னியாவோடு 12½ மணி நேர வித்தியாசம். 24 மணி நேரமும் வேலை நடக்கும். மென்பொருள் கம்பெனிகள் இங்கே மையம் திறப்பது அதற்காகத்தான்." இதுக்கு லைக் வேற! புரோகிராம் எழுதுறது என்ன ரிலே ஓட்டமா? இங்கே காலை 10 மணிக்கு ஒரு சந்தேகம் வருது. கலிஃபோர்னியாவில் அப்போ முந்தின நாள் ராத்திரி 9:30. அந்த ஆள் காலையில் 9 மணிக்கு வந்து பதில் போட்டா இங்கே ராத்திரி 9:30. கேட்டவர் படிக்கிறது மறுநாள். ஒரு கேள்விக்கு ஒரு நாள். எழுதினதை அங்கே சரிபார்க்கிற ரிவ்யூ மூணு சுற்று போனா பாதி வாரம் காலி.

பரணி:
ஆன்-கால் என்று, கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்கும் முறைவேலை ஒன்று இருப்பது தம்பிக்குத் தெரியாது போல. அங்கே அதிகாலை 2 மணிக்கு சர்வர் படுத்தால் இங்கே பிற்பகல் 2:30. யாரையும் எழுப்ப வேண்டாம். 12½ மணி நேரம் என்பது சும்மா இல்லை.

வரிப்புலி:
முதலில் அது வருடம் முழுக்க 12½ இல்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள்; அன்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13½. குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலையை (கிரான் ஜாப்) மாறாத உலகப் பொது நேரமான யூடிசியில் வைக்காமல் கலிஃபோர்னியாவின் பசிபிக் நேரத்தில் அதிகாலை 1:30க்கு வைத்தவர்களைக் கேளுங்கள்: நவம்பரில் அந்த மணி இரண்டு தடவை வரும், பில்லும் இரண்டு தடவை போகும். அடுத்தது, ஆன்-கால் சுழற்சிக்கு ஏழெட்டுப் பேர் போதும். ஆயிரம் இருக்கைக் கட்டடம் எதற்கு?

2007இல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் வான்கூவரில் மையம் அறிவித்தது. கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டுக்கும் அதற்கும் அப்போது ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. விசா கிடைக்காத ஆட்களை வைத்துக்கொள்ளத்தான் என்று கம்பெனியே சொன்னது. அமெரிக்க வேலை விசாவான எச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்பு 2003 நிதியாண்டு வரை 1,95,000. அடுத்த ஆண்டே 65,000. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குப் பிறகு 20,000 சேர்த்தார்கள். அவ்வளவுதான். ஆள் வர முடியாவிட்டால் ஆபீஸ் போகும்.

பரணி:
வான்கூவருக்குக் காரிலேயே போகலாம், அதெல்லாம் கடல்கடந்த மையமா? அதே கம்பெனி 1998இல் ஹைதராபாத் வந்ததே, அதைப் பேசுங்கள்.

மலிவுவிலை மாறன்:
ஏன்யா சுத்தி வளைக்கிறீங்க? சம்பளம் கம்மி. முடிஞ்சுது.

வரிப்புலி:
சம்பளம் வேறு, செலவு வேறு. பிஎஃப், கிராஜுவிட்டி, ஆபீஸ் கேப் வண்டி, இருக்கை வாடகை, அங்கிருந்து வந்துபோகும் மேனேஜரின் விமான டிக்கெட் எல்லாம் கூட்டுங்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு வராமலே போகிறவர்களையும் கூட்டுங்கள். இந்தியக் கிளை தாய்க் கம்பெனிக்குச் செலவை மட்டும் பில் போட முடியாது, மேலே லாபம் வைத்தாக வேண்டும். வரித்துறை கேள்வி கேட்காமல் ஏற்கும் லாப அளவு (சேஃப் ஹார்பர்) 2017இல் வைத்ததே 17, 18 சதவீதம். அந்தப் பக்கம் இன்னும் மோசம். 2022 முதல் அமெரிக்க வரிச்சட்டம் 174ஆம் பிரிவுப்படி வெளிநாட்டில் செய்த மென்பொருள் உருவாக்கச் செலவை வரிக்கான வருமானத்திலிருந்து ஒரேயடியாகக் கழிக்காமல் 15 ஆண்டுக்குப் பரப்பிக் கழிக்கணும். முதல் வருடம் முப்பதில் ஒரு பங்குதான் கழியும். 2025இல் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழையபடி உடனே கழிக்க விட்டார்கள். இத்தனை அடி வாங்கியும் வருகிறார்கள் என்றால் மலிவுக்காக மட்டுமா?

மலிவுவிலை மாறன்:
ஆமா. மலிவுக்காகத்தான்.

செமிகோலன்:
வேலையை எப்படிப் பிரிக்கிறாங்கங்கிறதுதான் விஷயம். மென்பொருளோட ஒரு பகுதியை (மாட்யூல்), என்ன செய்யணும்னு முடிவு பண்ற ப்ராடக்ட் மேனேஜரோட, வெளியிடுற உரிமையோட முழுசா இங்கேயே கொடுத்தா கேள்வி கடல் தாண்டாது. சின்னச் சின்ன வேலைத் துண்டா வெட்டிக் கொடுத்தா நான் மேலே சொன்ன கதைதான்.

காவேரிக்கரை:
1985லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு சிப் வடிவமைப்பு மென்பொருள் எழுத வந்தது. செயற்கைக்கோள் இணைப்புக்கான டிஷ்ஷை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போது யார் ஆன்-கால் பார்த்தார்கள்?

பரணி:
அந்த மாட்டுவண்டி இஸ்ரோவுடையது. ஏற்றிப்போனது 'ஆப்பிள்' என்ற அவர்களுடைய செயற்கைக்கோள், 1981. வரலாறு தெரியாமல் எழுத வேண்டாம்.

காவேரிக்கரை:
அது வேற வண்டி, இது வேற வண்டி. நாட்டில் ஒரே ஒரு மாட்டுவண்டிதான் இருந்ததா?

வரிப்புலி:
வண்டியை விடுங்கள். 12½ என்று எழுதியதைப் பரணி இன்னும் திருத்தவில்லை.

பரணி:
சராசரியைச் சொன்னேன்.

வரிப்புலி:
எட்டு மாதம் 12½, நாலு மாதம் 13½. இதில் சராசரி எப்படிப் போட்டாலும் 12½ வராது.

மலிவுவிலை மாறன்:
நான் சொன்ன சம்பளத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

வரிப்புலி:
சொல்லியாச்சு. மேலே போய்ப் படிங்க.