பழைய கொரோனா ஊசிக்கு பவர் போயிடுச்சா? அம்மாவுக்கு 68, சுகர் வேற

காசிமேட்டுக்காரன்:
அம்மாவுக்கு சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. 2021ல கோவிஷீல்டு ரெண்டு டோஸ், அடுத்த வருஷம் கேம்ப்ல பூஸ்டரும் போட்டாங்க, அதோட சரி. ஓமிக்ரான்லேர்ந்து புதுசு புதுசா வேரியன்ட், அதான் உருமாறின வைரஸ், வருதுன்னு நியூஸ்ல பாத்துட்டு தங்கச்சி வீட்டுக்காரர் வந்து, போட்டவனுக்கே வருது ஊசியெல்லாம் வேஸ்ட்டுன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டு போயிட்டாரு, அன்னிலேர்ந்து பயந்துனே கீறாங்க. விடிகாலைல மீன் ஏலத்துக்கு போறவங்க, அதையும் நிறுத்திட்டாங்க. நெஜமாவே ஊசி வேலை செய்யாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லேப் அக்கா:
தம்பி, போட்டவங்களுக்கும் வருதுன்றது உண்மைதான், ஆனா வேஸ்ட்டுன்றது சுத்த தப்பு. கோவிஷீல்டு நம்ம உடம்புக்கு சொல்லிக்குடுத்தது முதல்முதல்ல வந்த வைரஸ் மேல முள்ளு மாதிரி நீட்டினு இருக்கற ஸ்பைக் புரதத்த. 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கால இருந்து ஓமிக்ரான் பத்தி தகவல் வந்தப்போ அந்த ஸ்பைக்ல மட்டுமே 30க்கு மேல மாற்றம். ஊசி போட்டா உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் புரதம், அதான் ஆன்டிபாடி, ஸ்பைக்ல போய் ஒட்டினாதான் வைரஸ் செல்லுக்குள்ள நுழையாது, ஒட்டுற எடமே மாறிட்டா பிடி கெடைக்காது, போதாததுக்கு மாசம் ஆக ஆக ஆன்டிபாடியும் கொறையும், அதனாலதான் திரும்பத் திரும்ப தொத்துது. ஆனா டி செல்னு இன்னொரு படை இருக்கு, வைரஸ் புகுந்த செல்ல தேடிப்போய் அழிக்கும். அது ஸ்பைக்ல பல துண்டுகள ஞாபகம் வச்சிருக்கும், அதுல முக்கால்வாசி ஓமிக்ரான்லயும் மாறல. ஐசியூ வரைக்கும் போகாம காப்பாத்துறதுல இதுக்கு பெரிய பங்கு இருக்கு, அம்மாகிட்ட இத மொதல்ல சொல்லுங்க.

வியாசை39:
அப்போ ஏன்கா இவ்ளோ ஸ்பீடா பரவுது? எங்க வீட்ல ஒருத்தருக்கு வந்து ரெண்டு மூணு நாள்ல எல்லாரும் படுத்துட்டோம்.

லேப் அக்கா:
தொத்தினதுலேர்ந்து அறிகுறி வர ஆரம்பத்துல வந்த வைரஸுக்கு அஞ்சாறு நாள் ஆச்சு, ஓமிக்ரானுக்கு மூணு நாள் போதும். நுரையீரலுக்குள்ள பெருகுறத விட மூச்சுக்குழாய்ல வேகமா பெருகுது, ஏற்கனவே எதிர்ப்பு இருக்கறவங்களையும் தொத்துது, அதான் மளமளன்னு போகுது. பேசுனா இருமுனா வர்ற பொடித்துளி மூடுன ரூம்ல ரொம்ப நேரம் மெதக்கும். அதனால தம்பி, கடக்காத்து அடிக்கற ஏலத்த விட ஜன்னல் சாத்தி ஏசி போட்ட கல்யாண மண்டபம்தான் டேஞ்சர். கும்பல் நெருக்குச்சுன்னா மாஸ்க் போட்டுனு போகட்டும்.

டோல்கேட் ராணி:
நான் நர்ஸ், அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் சேக்கணும். டி செல் இருக்குன்னு 68 வயசு சுகர்காரங்கள நிம்மதியா விட்டுட முடியாது. வயசானா எதிர்ப்பு சக்தியே மந்தமாயிடும், இவங்க கடைசி டோஸ் போட்டு வருஷக்கணக்காச்சு. வயசானவங்க, கூட சுகர் மாதிரி நோய் இருக்கறவங்களுக்கு கடைசி டோஸ்லேர்ந்து 6லேர்ந்து 12 மாசத்துல இன்னொண்ணு போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லுச்சு, இப்ப எது கெடைக்கும்னு சுகர் டாக்டர்கிட்டயே கேளுங்க.

காய்ச்சல் தொண்டவலின்னா ரெண்டு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே டெஸ்ட். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு காட்டுற, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் ஒண்ணு வாங்கி வையுங்க. மருதாணி, நெயில்பாலிஷ் இல்லாத விரல்ல, கைய தேச்சு சூடாக்கிட்டு, நம்பர் ஒரே எடத்துல நிக்கற வரைக்கும் வெயிட் பண்ணி பாக்கணும். 94க்கு கீழ எறங்குனா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க. முக்கியமா, மெடிக்கல் ஷாப்ல தானா ஸ்டீராய்டு மாத்திர வாங்கி குடுத்துடாதீங்க. ஆக்சிஜன் தேவைப்படற அளவுக்கு போனவங்களுக்குதான் அது உதவும், லேசான காய்ச்சல்ல குடுத்தா சுகர் எகிறும். 2021ல கருப்பு பூஞ்சை வந்தவங்கள்ல ரொம்ப பேர் சுகர்காரங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்க.

காசிமேட்டுக்காரன்:
ரொம்ப தேங்க்ஸ்கா ரெண்டு பேருக்கும். அம்மாவுக்கு படிச்சே காட்டுனேன், ஏலத்துக்கு மாஸ்க் போட்டுனு போறேன்றாங்க. சுகர் கடைசியா பாத்தப்போ சாப்டதுக்கப்புறம் 240 இருந்துச்சு, அது ஜாஸ்தியா?

டோல்கேட் ராணி:
ஜாஸ்திதான்பா. இந்த வாரமே மூணு மாச சராசரி டெஸ்ட்டு, ஹெச்பிஏ1சி, எடுத்துட்டு டாக்டர பாருங்க, சுகர் இப்டி இருந்தா எந்த வேரியன்ட் வந்தாலும் கஷ்டம்தான்.