ஏற்காட்டு சில்வர் ஓக்ல பேஸ் கிட்டார் பாடி, யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

மக்களே, சேலத்துல இருந்து ஒரு டவுட். ஏற்காட்டுல சொந்தக்காரங்க காபி தோட்டத்துல நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் ஒன்னு காத்துல சாஞ்சிருச்சு, மிளகுக்கொடி ஏத்துன மரம், அத பலகையா அறுத்து எனக்கு குடுத்துட்டாங்க. இழைச்சு பாத்தா மீன் செதில் மாதிரி மினுமினுன்னு ரேகை, இத பெயின்ட் அடிச்சு மறைக்கறது பாவம்ங்க.

நாலு ஸ்ட்ரிங், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்), ஃபெண்டர் கம்பெனியோட பிரிசிஷன் பேஸ் மாடல் ஷேப். நெக் ரெடிமேட் மேப்பிள் வாங்கியாச்சு. என் பயமெல்லாம் நெக் பாக்கெட்ல, அதாவது பாடில நெக் உக்கார்ற குழில தான். நாலு ஸ்ட்ரிங்கும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், இந்த மரம் தேக்கு அளவுக்கு கெட்டி கெடயாது, சாதா ஸ்க்ரூ போட்டா நெக்க நாலு வாட்டி கழட்டி மாட்டறதுக்குள்ள லூஸ் ஆயிடுமா, இல்ல நெக்ல பித்தளை இன்சர்ட் (உள்ள மரை இருக்கற சின்ன குழாய்) எறக்கி போல்ட் போடறதுதான் சேஃபா? அப்புறம் பாடி லேசா போச்சுன்னா தலைப்பக்கம் சாயும், அதுக்கு வெயிட் கம்மியான ட்யூனர் (ஸ்ட்ரிங் முறுக்கற சாவி) மாத்துனா போதுமா?

இன்னொன்னு, பலகை மேல காஞ்ச மாதிரி இருக்கு, உள்ள ஈரம் இருக்கான்னு பாக்க மீட்டர் வச்சிருக்கவங்க சொல்லுங்க. செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை பக்கம் 44 மில்லிக்கு பிளேனர்ல ஓட்டி, ரூட்டர்ல 16 மில்லி ஆழத்துக்கு பாக்கெட் சுத்தமா எடுத்துத் தர்ற ஆசாரி யாராச்சும் தெரியுமா? கதவு நிலை பண்றவங்க கிட்ட கேட்டா சிரிக்கறாங்க.

ஆன்லைன்ல வாங்கிக்கோன்னு மட்டும் சொல்லிராதீங்க ப்ளீஸ்.